அரங்கேற்றமும் ஆய்வேடும்

கதை எழுதக் கற்றுத்தரும் கல்லூரி ஒன்று உண்டு என்றால் நம்மவர் நகைப்பர். தையல் கற்பிக்கலாம், தட்டெழுத்துக் கற்பிக்கலாம். கதை எழுதுவதைக் கற்பிப்பது எங்ஙனம் என்பர். நாமும் நெடுநாள் அவ்வாறே எண்ணியிருந்தோம். சென்ற ஆண்டு நாச்சாரத்து அன்பர் ஒருவர் இல்லத்தில் எழுந்த வினா அவ்வெண்ணத்தை அசைத்தது. அதன் விளைவே இக்கட்டுரை.

அன்பர் இங்குள்ள தொழிற்பேட்டை ஆலையொன்றில் முப்பதாண்டு உழைத்து ஓய்வு பெற்றவர். அவர்தம் மகள் ஆங்கில இலக்கியம் பயின்றவள், சிறுகதை எழுதுபவள். அவளுக்கு அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் படைப்பெழுத்துத் துறையில் முதுகலைப் பட்டம் பயில இடம் கிடைத்திருந்தது. தந்தையார் நம்மை நோக்கி, "எழுதத் தெரிந்தவளுக்குப் படிப்பு எதற்கு? எழுதத் தெரியாதவளுக்குப் பட்டம் எதற்கு? நீங்களே சொல்லுங்கள் சார்" என்றார். நாம் விடை தேடுமுன் மகள் கூறினாள்: "மாமா, அங்கே படிப்பு முடியும்போது நான் ஒரு முழுப் புத்தகம் எழுதிக் கொடுக்க வேண்டும். அதைப் படித்தவர்கள் முன்னால் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும். இங்கே என் கதையைப் படித்த எல்லாரும் 'நன்றாக இருக்கிறது' என்று மட்டுமே சொல்கிறார்கள்."

தந்தையின் கேள்வியில் தருக்கம் இருந்தது. மகளின் மறுமொழியில் ஏக்கம் இருந்தது. தருக்கத்திற்கு விடை கூறல் எளிது. ஏக்கத்திற்கு விடை காண நாம் சில நூல்களைத் திரும்பப் புரட்ட வேண்டியதாயிற்று.

அயோவாவில் நிகழ்ந்தது

அமெரிக்க நாட்டின் அயோவா பல்கலைக்கழகம் 1922-ஆம் ஆண்டில் ஒரு புதுமை செய்தது. உயர்பட்டத்திற்குரிய ஆய்வேட்டின் இடத்தில் கவிதைத் தொகுதியையோ கதைத் தொகுதியையோ ஏற்கலாம் என முடிவு செய்தது. அதுகாறும் கம்பனைப் பற்றி எழுதுவோர்க்கே பட்டம். கம்பனே வந்து விண்ணப்பித்திருந்தாலும் காப்பியத்தை ஒதுக்கிவிட்டு அதற்கு ஓர் ஆராய்ச்சியுரை கொணர்க என்றே பல்கலைக்கழகங்கள் சொல்லியிருக்கும். இவ்வழக்கம் அங்கே மாறிற்று. பால் எங்கிள் என்னும் இளைஞர் தம் கவிதைத் தொகுதியையே முதுகலைப் பட்டத்திற்கு அளித்தார். அது 1932-இல் நூலாகவும் வெளிவந்தது. 1936-இல் அங்கே எழுத்தாளர் பட்டறை முறையாக அமைந்தது. 1941 தொடங்கி ஏறத்தாழக் கால் நூற்றாண்டு அதனை நடத்தியவர் அப்பால் எங்கிளே.

பயிற்சியின் அமைப்பு எளிது. மாணாக்கர் சிலர் ஒரு மேசையைச் சுற்றி அமர்வர். ஒருவரது கதையின் படிகள் முன்னரே ஏனையோர்க்கு வழங்கப்பெற்றிருக்கும். அனைவரும் அதனைப் படித்து வந்து குறை நிறைகளை எடுத்துரைப்பர். எழுதியவர் அவ்வேளை வாய் திறத்தல் ஆகாது என்பது பெரும்பாலும் மரபு. ஆசிரியர் உடனிருந்து நெறிப்படுத்துவார். இதனோடு இலக்கியப் பாடங்களும் உண்டு. மாணாக்கருள் பலர் இளநிலை வகுப்புகளுக்குக் கட்டுரை எழுதக் கற்பித்துத் தம் செலவுக்கு வழி தேடிக்கொள்வர். ஈராண்டோ மூவாண்டோ சென்றபின் நூலளவினதாய் ஒரு படைப்பை நெறியாளர் ஒருவரின் மேற்பார்வையில் முடித்துக் குழுவின்முன் வைப்பர். பல இடங்களில் வாய்மொழித் தேர்வும் உண்டு. குழு ஏற்ற ஏடு பல்கலைக்கழக நூலகம் சேரும்.

இம்முறையில் பயின்று வெளிவந்தோருள் தலையாயவர் ஃபிளானரி ஓ'கானர். தென்மாநிலமாகிய ஜார்ஜியாவிலிருந்து 1945-இல் அயோவா சென்ற அப்பெண்மணியின் வட்டாரப் பேச்சு எங்கிளுக்கு விளங்கவில்லை என்பர். சொல்ல வந்ததை எழுதிக் காட்டுமாறு அவர் வேண்டினாராம். பேச்சு விளங்காவிடினும் எழுத்து விளங்கிற்று. 1947-இல் சிறுகதைகள் சிலவற்றின் தொகுதியை ஆய்வேடாக அளித்து அவர் பட்டம் பெற்றார். அத்தொகுதிக்கு 'ஜெரேனியம்' என்று பெயர். பல்கலைக்கழகங்கள் எழுத்தாளரை நசுக்குகின்றனவா என்று பிற்காலத்தில் வினவியோர்க்கு, போதிய அளவில் நசுக்கவில்லை என்பதே தம் குறை என்னும் பொருள்பட அவர் விடையிறுத்தது புகழ் பெற்றது. பட்டறையில் பயின்றவரே பட்டறையை இங்ஙனம் எள்ளினார் என்பதை நாம் மறத்தலாகாது.

நம்மவர் ஒருவர் கண்ட அயோவா

அயோவாவை நாம் தமிழிலேயே காணலாம். அதனைக் காட்டியவர் நம் ஊரோடு தொடர்புடையவர் என்பது நமக்குப் பெருமை. நாச்சாரத்திலிருந்து பேருந்தில் சிறிது நேரத்தில் சென்றடையக்கூடிய சிகந்தராபாத்தில் 1931-ஆம் ஆண்டு பிறந்து, லான்சர் பாரக்ஸ் குடியிருப்பைத் தமிழ்ப் புனைகதையில் நிலைபெறச் செய்த அசோகமித்திரனே அவர். பட்டறையை நடத்திய எங்கிள், ஹுவாலிங் நியே அம்மையாருடன் 1967-இல் பன்னாட்டு எழுத்தாளர் திட்டம் ஒன்றையும் அதே பல்கலைக்கழகத்தில் தொடங்கினார். அத்திட்டத்தின் அழைப்பில் அசோகமித்திரன் 1973-இல் அயோவா சென்றார். இது பட்டப் படிப்பன்று, ஆய்வேடும் இல்லை. முன்னமே எழுதிப் பெயர் பெற்றோர் சில மாதங்கள் ஒருங்கு தங்கி எழுதுவதற்கான ஏற்பாடு. அவ்வனுபவத்தினின்று பிறந்தது 'ஒற்றன்' என்னும் நூல். என். கல்யாணராமனின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2005-இல் வெளிவந்தது.

நாவல் எனப்படினும் 'ஒற்றனின்' இயல்கள் தனித்தனிச் சிறுகதைகள் போல நிற்பன. எழுதுவது எப்படி என்று யாரேனும் யார்க்கேனும் கற்பிக்கும் காட்சியை எதிர்பார்த்து நூலைத் திறப்போர் ஏமாறுவர். எழுத்தாளர்கள் தங்கிய அடுக்குமாடிக் கட்டடம், பனி, காலணி, உணவு, பேருந்து, தனிமை ஆகியவையே நூல் முழுதும். எத்தியோப்பியாவின் அபே குபேக்னா வருகிறார். தாம் எழுதவிருக்கும் நாவலுக்கு வரைபடம் போட்டு உழைக்கும் பெரு நாட்டுப் பிராவோ வருகிறார். இவர்கள் எவரையும் ஆசிரியர் ஏளனம் செய்வதில்லை. எவரையும் உயர்த்திப் பேசுவதுமில்லை.

இந்நூலைப் பயண நூல் என்றும், நகைச்சுவை நூல் என்றும் கூறிக் கடந்து செல்வோர் உளர். நம் கருத்து வேறு. எழுத்தாளர் அவை ஒன்றின் எல்லை எது என்பதை இத்துணைத் தெளிவாகக் காட்டிய நூல் தமிழில் பிறிதொன்று இல்லை எனத் துணிவோம். அங்கே கூடியோர் அனைவரும் எழுத்தாளர். ஆயின் ஒருவர் எழுத்தை மற்றவர் அவரவர் மொழியிற் படிக்க இயலாது. தமிழ்க் கதையைப் பற்றிப் பெரு நாட்டவர் என்ன கூறுவார்? அம்ஹாரிக் கதையின் சொல்லமைதியில் தமிழர் என்ன குறை காண்பார்? மொழிபெயர்ப்பு என்னும் சிறு சாளரத்தின் வழியே ஒருவரையொருவர் எட்டிப் பார்க்கலாம், அவ்வளவே. ஆதலின் அவர்கள் ஒருவரையொருவர் மனிதராகவே அறிந்தனர், எழுத்தாக அறியவில்லை. ஓர் அவை நம் மொழியையும் வாழ்வையும் அறியாவிடின் அது விருந்தோம்பலாக இருக்கலாம். பயிற்சியாக இருத்தல் அரிது. இதுவே 'ஒற்றன்' நமக்குச் சொல்லாமற் சொல்லும் செய்தி.

அசோகமித்திரனின் 'பதினெட்டாவது அட்சக்கோடு' அயோவாவிலிருந்து அவர் மீண்டபின், 1977-இல் நூலாயிற்று. நிசாம் ஆட்சியின் இறுதி நாள்களையும் 1948 செப்டம்பரில் நிகழ்ந்த இந்தியப் படை நடவடிக்கையையும் ஓர் இளைஞனின் கண்வழியே காட்டும் அந்நாவலின் பெருமையை அயோவாவின் மீது ஏற்றுதல் பொருந்தாது. அதற்குப் பல்லாண்டு முன்னரே அவர் தேர்ந்த எழுத்தாளர். அவர்க்குக் கிடைத்த பட்டறை ஜெமினி திரைப்பட நிலையமும், சிற்றிதழ்களும், சிகந்தராபாத்துத் தெருக்களுமே.

பணத்தின் வரலாறும் ஈண்டுக் குறிக்கத்தக்கது. பனிப்போர்க் காலத்தில் எங்கிள் தம் முயற்சிகளுக்கு நிதி திரட்டியபோது, அமெரிக்க உளவு நிறுவனத்தின் மறைமுக வாயிலாகச் செயற்பட்ட ஃபார்ஃபீல்டு அறக்கட்டளையும் நிதி அளித்ததாக எரிக் பென்னெட் என்னும் ஆய்வாளர் வெளிப்படுத்தியுள்ளார். 'ஒற்றன்' என்னும் தலைப்பு இவ்வரலாற்றை அறிந்து படிப்போர்க்குப் புதியதோர் எதிரொலி தரும். கல்விச் சாலையின் கூரையை வேய்ந்தவர் யார் என்று கேட்பது மாணாக்கர்க்கும் கடமை.

நன்னூலார் வகுத்த பாடத்திட்டம்

இனி நம் மரபினுள் புகுவோம். படைப்பைக் கற்பித்தல் மேனாட்டார் கண்டதென்று எண்ணுதல் பிழை. பதின்மூன்றாம் நூற்றாண்டினராகிய பவணந்தி முனிவர் நன்னூற் பொதுப்பாயிரத்தில் கல்வி நிரம்புவது எவ்வாறு என்று ஒரு கணக்குக் காட்டுகிறார். ஆசிரியர் சொன்னதை முற்ற ஏற்றுக்கொண்ட மாணாக்கனும் காற்கூறு புலமையே எய்துவான். உடன் பயில்வாரோடு பழகுவதால் மற்றொரு காற்கூறு சேரும். எஞ்சிய அரைக்கூறு தான் பிறர்க்கு எடுத்துரைப்பதால் வரும். அயோவாவின் அமைப்பை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நெறியாளர், மேசையைச் சுற்றி அமரும் தோழர், இளநிலை மாணாக்கர்க்குக் கற்பிக்கும் பணி என மூன்றும் அங்கே உள்ளன. பவணந்தியார் எழுநூறு ஆண்டுகட்கு முன்னர்ப் போட்ட கணக்கையே அவர்களும் அறியாமற் போட்டிருக்கின்றனர்.

நூலுக்குரிய குற்றம் பத்து, அழகு பத்து என்றும் அவர் பட்டியலிட்டார். குன்றக் கூறல், மிகைபடக் கூறல், மற்றொன்று விரித்தல், சென்று தேய்ந்திறுதல் முதலானவை அக்குற்றங்கள். இலக்கண நூலுக்குச் சொன்னவை எனினும் இற்றைச் சிறுகதைக்கும் இவை பொருந்தும். நன்கு தொடங்கி, நடுவில் தளர்ந்து, முடிவில் நீரிற் கரைந்த உப்பாகும் கதைகளை நாம் மாதந்தோறும் படிக்கிறோம். 'ஏதோ குறைகிறது' என்று தலையசைப்பதோடு நிற்கிறோம். குறைக்குப் பெயர் நம்மிடம் இருக்கிறது. சென்று தேய்ந்திறுதல் என்பதே அது. பெயர் சொல்லிக் காட்டினால்தான் எழுதியவர் திருத்துவார்.

கேட்போர் வகையையும் நன்னூலார் விட்டாரல்லர். நீரை நீக்கிப் பாலைக் கொள்ளும் அன்னம் போன்றவர் தலைமாணாக்கர். நெய்யரி போன்றவர் கடைமாணாக்கர். நெய்யை ஒழுகவிட்டுக் கசடைத் தன்பால் நிறுத்திக்கொள்வது நெய்யரியின் இயல்பு. பட்டறை மேசையில் இருவகையினரும் அமர்ந்திருப்பர். கதையின் நெய்யைக் காணாது கசடையே பற்றிப் பேசுவோர் பலர். எழுதுவோர்தாமும் கேட்டவற்றுள் பயனுள்ளதை ஒழுகவிட்டு, மனத்தைச் சுட்ட சொல்லை மட்டும் தேக்கி வைத்துக்கொள்வதுண்டு. அந்நிலையில் எழுதுவோரே நெய்யரி ஆகின்றனர்.

பயிற்சி எவ்வாறு நடைபெற்றது என்பதற்கு நமக்குக் கிடைத்த சிறந்த சான்று உ.வே.சாமிநாதையரின் 'என் சரித்திரம்'. 1871-இல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சேர்ந்த அவர், 1876-இல் ஆசிரியர் மறையும்வரை உடனிருந்தார். பிள்ளையவர்கள் புராணச் செய்யுள்களைத் தடையின்றிச் சொல்லிக்கொண்டே போக, மாணாக்கர் ஏட்டில் எழுதுவர். செய்யுள் பிறப்பதை அருகிலிருந்து காணும் பேறு அது. எந்தச் சொல் வந்தது, எது நீங்கிற்று, ஆசிரியர் எங்கே தயங்கினார், எங்கே விரைந்தார் என்பன யாவும் மாணாக்கரின் எழுத்தாணி முனையில் நிகழ்ந்தன.

இதில் நாம் ஆழ்ந்து நோக்க வேண்டியது ஒன்றுண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழகத்தின் தலைசிறந்த செய்யுட் பள்ளியில் பயின்றவருள் உலகம் போற்றும் பெயர் உ.வே.சா. அவரோ கவிஞராகப் புகழ் பெற்றவரல்லர். பதிப்பாசிரியராகப் புகழ் பெற்றவர். 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். பின்னர்ச் சங்க நூல்கள் பலவற்றை அச்சேற்றினார். சிதைந்த ஏட்டில் சீர் தளர்ந்த இடத்தை அவர் செவி உடனே உணர்ந்தது. செய்யுள் இயற்றிப் பழகிய செவி அது. படைப்பெழுத்துப் பயிற்சி படைப்பாளியை உருவாக்காது போகலாம். நுண்ணிய வாசகரை உருவாக்கும். மாணாக்கர் அனைவரும் எழுத்தாளராகவில்லையே என்று அயோவாவைக் குறை கூறுவோர்க்கு இதுவே நம் மறுமொழி. திரூரிலுள்ள துஞ்சத்து எழுத்தச்சன் மலையாளப் பல்கலைக்கழகம் இலக்கியப் படைப்பை ஒரு முதுகலைப் பாடமாகவே அமைத்துள்ளது. அண்டை மொழியினர் துணிந்ததைத் தமிழ்ப் பல்கலைக்கழகங்களும் துணியலாம்.

அவையும் விடையும்

மகள் விரும்பிய ஆய்வேட்டுத் தேர்வுக்கு நம் மரபில் வழங்கிய பெயர் அரங்கேற்றம். தொல்காப்பியம் பாண்டியன் அவையில் அதங்கோட்டாசான் முன்னிலையில் குற்றமறத் தெரிவிக்கப்பட்டது என்கிறது அதன் சிறப்புப் பாயிரம். நூலைக் கேட்டவர் சும்மா கேட்டாரல்லர். ஐயங்களை எழுப்பினார் என்றும், அவற்றிற்கு ஆசிரியர் விடை கூறினார் என்றும் உரையாசிரியர் விரிப்பர்.

கந்தபுராண அரங்கேற்றத்தைப் பற்றிய செவிவழிச் செய்தி நம் கருத்துக்குப் பெரிதும் துணை செய்வது. காஞ்சிக் குமரகோட்டத்தில் கச்சியப்பர் காப்புச் செய்யுளைத் தொடங்கிய உடனே, முதற்சொல்லின் புணர்ச்சிக்கு இலக்கண விதி இல்லை என்று ஒருவர் தடை எழுப்பினாராம். அன்றைய அரங்கேற்றம் நின்றது. மறுநாள் சோழநாட்டுப் புலவர் ஒருவர் வீரசோழியத்தைக் கொணர்ந்து அதற்குரிய விதியைக் காட்டினார் என்றும், அதன் பின்னரே அரங்கேற்றம் தொடர்ந்தது என்றும் கூறுவர். முருகப்பெருமான் அடியெடுத்துக் கொடுத்தார் என்று நம்பப்படும் சொல்லுக்கே நம் முன்னோர் சான்று கேட்டிருக்கின்றனர்! வரலாறாக ஏற்காவிடினும் இக்கதையைப் புனைந்து போற்றிய சமுதாயம் எதனை மதித்தது என்பது தெளிவு. தடை எழுப்பியவர் காரணம் காட்டினார்; விடை கூறியவர் நூற்சான்று காட்டினார். அவை இரண்டையும் கேட்டது.

இன்று நம்மிடம் எஞ்சியிருப்பது யாது? நூல் வெளியீட்டு விழா. அங்கே பொன்னாடை உண்டு, வாழ்த்துரை உண்டு, ஏற்புரை உண்டு. தடை மட்டும் இல்லை. அச்சான பிறகு கூடும் அவை எதனைத் திருத்த இயலும்? அச்சாவதற்கு முன் கூடியது பழைய அவை.

'ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்ட ஜெயகாந்தன் எந்தப் பட்டறையில் பயின்றார்?' எனக் கேட்போர் உளர். பள்ளியை விட்டார் என்பது மெய், அவையை விட்டாரல்லர். பொதுவுடைமைக் கட்சி அலுவலகத்தின் கூட்டு வாழ்க்கையும், அங்கு நிகழ்ந்த வாதங்களும், அச்சகமும் அவர்க்குப் பல்கலைக்கழகமாயின. 1959-இல் சி.சு.செல்லப்பா தொடங்கிய 'எழுத்து' இதழ் புதுக்கவிஞர் பலர்க்கு மேசையாக அமைந்தது. பெருங்கலைஞர் எவரும் தனிமையில் மட்டும் உருவானவரல்லர். எவருடைய வரலாற்றைத் துருவினாலும், 'இவ்விடம் சரியில்லை' என்று துணிந்து சொன்ன ஒருவரையேனும் காண்போம்.

பட்டம் முடிவன்று

பட்டறை முறையில் இடர் இல்லையா? உண்டு. மேசையைச் சுற்றியுள்ள அனைவரையும் நிறைவிக்க முயலும் கதை முனை மழுங்கிப் போகும். ஒருவர் மிகை என்றதைக் குறைத்து, மற்றொருவர் விளங்கவில்லை என்றதை விளக்கி, இறுதியில் யாரும் குறை கூறாத கதை ஒன்று பிறக்கும். யாரும் நினைவில் வைத்திராத கதையாகவும் அது இருக்கும். மற்றோர் இடர், ஆய்வேட்டைக் குழு ஏற்றவுடன் பணி முடிந்தது என மயங்குதல்.

இவ்விரண்டாம் மயக்கத்திற்கு மருந்து ஓ'கானரின் வரலாற்றில் இருக்கிறது. அவரது ஆய்வேட்டின் தலைப்புக் கதையாகிய 'ஜெரேனியம்', ஊரை விட்டு வந்து நியூயார்க்கில் மகளின் வீட்டு அறையில் அடைபட்டுத் தவிக்கும் முதியவரைப் பற்றியது. 1946-இல் இதழில் வந்தது. 1947-இல் பல்கலைக்கழகம் ஏற்றது. எனினும் ஓ'கானர் அதனை விட்டாரல்லர். பின்னும் பன்முறை திருத்தி எழுதினார். 1964-இல் நோயுற்று மறையுந் தறுவாயில் அதே கதைக்கு 'தீர்ப்பு நாள்' என்னும் புது வடிவம் தந்தார். முன்னதில் முதியவர் சாளரத்தருகே அமர்ந்து எதிர்வீட்டுப் பூந்தொட்டியைப் பார்த்து ஏங்குகிறார். பின்னதில் இறந்தேனும் ஊர் சேர்வது என உறுதி பூண்டு புறப்படுகிறார். முதல் வடிவத்தில் ஏக்கம் மட்டுமே உண்டு. இறுதி வடிவத்தில் செயல் உண்டு. இருபத்திரண்டு வயதில் தேர்வுக் குழு ஏற்ற கதையை முப்பத்தொன்பது வயதில் அவரே ஏற்கவில்லை. தேர்வுக் குழுவினர் கலைந்து போயினர். அவருள் அமர்ந்த அவை கலையவில்லை. பட்டறை ஒருவர்க்குத் தரக்கூடிய உயர்ந்த பொருள் இதுவே. புறத்தே உள்ள அவை நாளடைவில் அகத்தே குடிபுக வேண்டும்.

எழுத்தரும் எழுத்தாளரும்

நம்மைப் பற்றிச் சிறிது கூற இடம் தருக. நாம் நடுவணரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தர். எழுத்தாளர் ஆக விரும்பி எழுத்தர் ஆனோம் என்று நண்பர் நகையாடுவதுண்டு. இளங்கலை முடித்த ஓராண்டில் நீண்ட குறிப்பேட்டில் ஒரு நாவல் எழுதினோம். மூவரிடம் கொடுத்தோம். மூவரும் 'நன்று' என்றனர். ஒருவர் அதனை முழுதும் படிக்கவில்லை என்பது பின்னர்த் தெரிந்தது. பதிப்பாளர் ஒருவர் இரண்டு ஆண்டு வைத்திருந்து ஒரு சொல்லும் இன்றித் திருப்பி அனுப்பினார். நாவல் பெட்டிக்குள் சென்றது.

அலுவலகத்திலோ நிலைமை வேறு. நாம் எழுதும் வரைவு மேலே செல்லும். அடித்தும் திருத்தியும் கீழே வரும். சேர்ந்த புதிதில் ஓர் அலுவலர் நம் வரைவின் ஓரத்தில் 'பேசுக' என்று மட்டும் எழுதி அனுப்புவார். அஞ்சி அஞ்சிச் செல்வோம். 'இச்சொற்றொடரைப் படித்தவர் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது இதில் எங்கே இருக்கிறது?' எனக் கேட்பார். விடை கூற இயலாமல் நின்ற நாள்கள் பல. அவர்தம் கேள்வியால் நாம் பிழையின்றிக் கடிதம் எழுதக் கற்றோம். ஒரு குடிநீர்க் கட்டண விளக்கத்திற்குக் கிடைத்த அக்கறை நம் நாவலுக்குக் கிடைக்கவில்லை! இதனைக் குறையாகக் கூறவில்லை. நாமே பிறர் எழுத்துக்கு அவ்வக்கறையைத் தந்ததில்லை. அன்பர் மகளின் கதையைப் படித்து 'நன்றாக இருக்கிறது' என்றவருள் நாமும் ஒருவரே.

அம்மகள் சென்றாள். கற்பிக்கும் பணியும் உதவித்தொகையும் கிடைத்ததால் தந்தையார் கடன் வாங்க நேரவில்லை. முதற்பருவத்தில் அவள் நமக்கு எழுதினாள். போனாலுத் திருநாளில் தலையில் குடம் சுமந்து செல்லும் நாச்சாரத்துப் பெண்ணொருத்தியைப் பற்றிய அவள் கதை மேசைக்கு வந்ததாம். போனாலு என்பது யாது, ஆடி மாதம் என்பது யாது, அந்தப் பெண் தமிழச்சியாயின் தெலுங்குத் திருநாளில் அவளுக்கு என்ன வேலை என்று அடுக்கடுக்காகக் கேட்டனராம். அவள் வாய் திறவாது அமர்ந்திருந்தாள். 'மாமா, நான் இவர்களுக்கு விளங்கும்படி எழுதுவதா, நாச்சாரத்துக்கு உண்மையாக எழுதுவதா?' என்று கேட்டிருந்தாள்.

'ஒற்றன்' காட்டிய எல்லையை அவள் முதற்பருவத்திலேயே முட்டிக்கொண்டாள். நாம் இவ்வாறு விடை எழுதினோம்: முதலிரு கேள்விகள் அறியாமையாற் பிறந்தவை, அவற்றுக்காகக் கதையில் அடிக்குறிப்புப் போலப் பத்தி சேர்க்காதே. மூன்றாவது கேள்வி அறியாமையாற் பிறந்ததாயினும் கதையின் உயிரைத் தொடுகிறது. தமிழ்ப் பெண் ஏன் அக்குடத்தைச் சுமந்தாள் என்பதை நீ எழுதியிருக்கிறாயா? நாச்சாரத்தில் இருப்போர் அதனைக் கேட்கமாட்டோம். நாள்தோறும் காண்பதால் நமக்கு அது கேள்வியாகவே தோன்றாது. அயலார் கேட்டதால் உனக்கு அது கிடைத்தது. அன்னமாக இரு.

அவள் இருமுறை அக்கதையைத் திருத்தி எழுதியிருக்கிறாள். திருத்திய வடிவில், அண்டை வீட்டுத் தெலுங்குப் பெண்மணி நோயுற்றதால் அவர் நேர்ந்துகொண்ட குடத்தைத் தமிழ்ப் பெண் சுமக்கிறாள். முன்னர் வண்ணப் படமாக இருந்தது இப்போது கதையாகிவிட்டது. ஆய்வேட்டுக்கு அவள் இன்னும் நெடுந்தொலைவு செல்ல வேண்டும். அத்தொலைவுக்கு வேண்டிய கால்கள் அவளுக்கு உண்டென்று நம்புகிறோம்.

சங்கத்தார்க்கு ஒரு வேண்டுகோள்

தந்தையாரின் வினாவுக்கு இப்பொழுது விடை கூறலாம். எழுதத் தெரிந்தவர்க்கும் படிப்பு வேண்டும். தான் எழுதியதைத் தானே அயலாராக நின்று படிக்க அது கற்பிக்கும். பட்டம் இல்லாமலும் அதனைப் பெறலாம். அவை இல்லாமல் பெறுதல் அரிது. அவளுக்குக் கண்ணையும் செவியையும் தந்தது நாச்சாரம். அவையைத் தேடி அவள் கடல் கடக்க நேர்ந்தது. இந்நிலை நமக்குப் பெருமை தருவதன்று.

நம் சங்கம் மாதந்தோறும் கூடுகிறது. பாராட்டுக்கு இங்கே குறைவில்லை. இனி மூன்று திங்களுக்கு ஒரு முறையேனும் அச்சேறாத படைப்பொன்றை முன்னரே படியெடுத்து உறுப்பினர்க்கு வழங்குவோம். படித்து வந்தவர் மட்டுமே பேசட்டும். குறை சொல்வோர் இடமும் காரணமும் சுட்டிச் சொல்லட்டும். எழுதியவர் இறுதிவரை அமைதி காத்துப் பின்னர் விடை கூறட்டும். பொன்னாடையை அச்சான பிறகு போர்த்திக்கொள்ளலாம்.

முதற்கூட்டத்திற்குப் படைப்புக் கிடைக்குமோ என்று செயலாளர் ஐயுற வேண்டா. இருபதாண்டுக்கு மேலாகப் பெட்டியிற் கிடந்த குறிப்பேட்டைச் சென்ற வாரம் எடுத்துத் தூசி தட்டினோம். முதல் ஐந்து இயல்களைப் படியெடுத்தாயிற்று. அவற்றுள் மற்றொன்று விரித்தல் மலிந்திருப்பது நமக்கே தெரிகிறது; தெரியாதவற்றைத் தாங்கள் கூறுவீர்களாக. வாய் திறவாமல் அமர்ந்திருக்க உறுதி அளிக்கிறோம்.